என்ஜினை இறக்குவதற்கு முன்னால்

"பிக் எண்ட் போயிடுச்சு சார், என்ஜினை இறக்கித்தான் ஆகணும்." பழைய அம்பாசிடர் வைத்திருப்பவர்கள் ஒரு தடவையாவது கேட்டிருக்கக்கூடிய தீர்ப்பு இது. பிக் எண்ட் என்பது கனெக்டிங் ராடு கிராங்கைக் கவ்வும் இடத்தில் இருக்கும் பேரிங். சில சமயம் அந்தத் தீர்ப்பு சரியாகவும் இருக்கும். ஆனால் பானெட்டைத் தூக்கி, ஒருமுறை ரேஸ் கொடுத்துப் பார்த்து, அரை நிமிடத்தில் சொல்லப்பட்டால் அதற்குத் தலையாட்டிவிடாதீர்கள். என்ஜினை இறக்கிப் பிரித்து, கிராங்கை கிரைண்டிங்குக்கு அனுப்பி, புது பேரிங் போட்டு, திரும்ப ஏற்றி, சாவியைத் திருப்பியதும் அதே 'டக் டக்' கேட்டவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.

இப்படி ஆவதற்குக் காரணம் உண்டு. அந்தக் காலத்து என்ஜின் பிளாக் முழுக்க வார்ப்பிரும்பு. முன்பக்கம் கிளம்பும் தட்டல் பிளாக் வழியாகவே ஓடிப் பின்பக்கம் கேட்கும். கீழே சம்ப்பும் முன்னால் டைமிங் செயின் கவரும் மெல்லிய தகடு. உள்ளே எங்கே சின்னதாகத் தட்டினாலும் இவை இரண்டும் அதைப் பெரிதாக்கிக் காட்டும். ஆகவே "சத்தம் கீழே இருந்து வருகிறது" என்பதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. எதைச் செய்தால் சத்தம் மாறுகிறது, எதைச் செய்தால் மாறுவதில்லை என்பதுதான் உருப்படியான துப்பு. அதைக் கண்டுபிடிக்க வேண்டியதெல்லாம் ஒரு நீளமான ஸ்க்ரூடிரைவர், இரண்டு ஸ்பேனர், ஒரு டைமிங் லைட், கொஞ்சம் பொறுமை.

இங்கே எடுத்துக்கொள்வது பெட்ரோல் அம்பாசிடரின் 1489 சிசி என்ஜின். பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் சீரிஸ் காரைத்தான் இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1950-களின் கடைசியிலிருந்து வங்காளத்தின் உத்தரபாராவில் அம்பாசிடராகத் தயாரித்தது. தயாரிப்பு நின்றது 2014-ல். நெடுங்காலம் அதில் இருந்தது பிஎம்சி நிறுவனத்தின் பி-சீரிஸ் என்ஜின். எம்ஜிஏ ஸ்போர்ட்ஸ் காரிலும் இதே குடும்பம்தான். நாலு சிலிண்டர், எட்டு வால்வு, மூன்றே மெயின் பேரிங். கேம்ஷாஃப்ட் பிளாக்குக்குள் இருக்கும். புஷ் ராடும் ராக்கரும் மேலே உள்ள வால்வைத் திறக்கும். பிரீமியர் பத்மினிக்கும் ஸ்டாண்டர்ட் ஹெரால்டுக்கும் கிட்டத்தட்ட இதே அமைப்புதான், ஆகவே சொல்லப்போகும் சோதனைகளில் பெரும்பாலானவை அவற்றுக்கும் ஒத்துவரும். டீசல் அம்பாசிடரை விட்டுவிடுவோம். பிறவியிலேயே தட்டும் என்ஜினில் தட்டலைத் தேடுவது தனி வித்தை.

முதல் சோதனைக்கு ஸ்பேனரே வேண்டாம். ராத்திரி முழுக்க நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்து, பக்கத்திலேயே நின்று கேளுங்கள். குளிர்ந்த என்ஜினில் பலமாகத் தட்டி, சூடேற ஏறக் குறைந்தால் சந்தேகம் இரண்டு இடத்துக்குப் போகும். ஒன்று, தேய்ந்த சிலிண்டரில் பிஸ்டன் பக்கவாட்டில் அடிப்பது. சூட்டில் பிஸ்டன் விரிந்ததும் இடைவெளி அடைந்துவிடும். இன்னொன்று, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கட்டில் கசிவு. இங்கேயும் இரும்பு விரிந்ததும் கசிவு மூடிக்கொள்ளும். முன்னது ரீபோர் வேலை. பின்னது ஒரு கேஸ்கட்டும் நாலைந்து நட்டும். கேட்பதற்கு இரண்டும் ஒரே 'டிக் டிக்'தான்! இரண்டையும் பிரித்தறிய ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு மறுமுனையை மேனிஃபோல்டு இணைப்புகள் பக்கமாக நகர்த்துங்கள். கசிவு இருந்தால் 'புஸ் புஸ்' என்று காதில் அடிக்கும். அந்த இடத்தில் கரியும் படிந்திருக்கும். சரியாக முறுக்காத ஸ்பார்க் பிளக்கும் இதே வேலையைக் காட்டும் என்பதால் நாலு பிளக்கையும் ஒருமுறை ஸ்பேனர் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

நேர்மாறாக, காலையில் அமைதியாக இருந்து, அரை மணி நேரம் ஓடிச் சூடான பிறகு தட்ட ஆரம்பித்தால் கவனம் தேவை. எண்ணெய் சூட்டில் நீர்த்துப்போய் பேரிங் இடைவெளியை நிரப்ப முடியாமல் தவிக்கிறது என்று அர்த்தம். ஆயில் பிரஷர் மீட்டர் இருந்தால் அதையும் சேர்த்துப் பாருங்கள். நல்ல பி-சீரிஸ் என்ஜின் சூடாக ஓடும்போது சதுர அங்குலத்துக்கு 50 பவுண்டு அளவில் காட்டும். ஓடும்போதே அது பாதிக்குக் கீழே விழுந்து, கூடவே தட்டலும் இருந்தால் பேரிங் மேல் சந்தேகப்பட நியாயம் இருக்கிறது.

மேடு ஏறும்போதோ, டாப் கியரில் மெதுவாகப் போய்த் திடீரென்று ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போதோ மட்டும் கிலுகிலுவென்று கேட்டால் பெரும்பாலும் அது பிங்கிங். பெட்ரோல் கலவை ஒழுங்காக எரியாமல் சிலிண்டருக்குள் வெடிக்கும் சத்தம் அது. எந்தப் பாகமும் லூசாகி ஆடவில்லை. டிஸ்ட்ரிபியூட்டரைக் கொஞ்சம் திருப்பி டைமிங்கைப் பின்னுக்குத் தள்ளினால் போய்விடுகிறதா என்று பாருங்கள். போனால் விஷயம் முடிந்தது. இப்போது பங்க்கில் கிடைக்கும் எத்தனால் பெட்ரோலை இதற்குக் குற்றம் சொல்பவர்கள் உண்டு. எத்தனால் ஆக்டேன் அளவைக் கூட்டவே செய்யும், ஆகவே பிங்கிங் பழி அதன் மேல் விழாது. பழைய ரப்பர் குழாய்களை அது அரிக்கும் என்பது வேறு வழக்கு.

அடுத்தது, எனக்கு மிகவும் பிடித்த சோதனை. எளிமையானது என்பதால்தானோ என்னவோ, பட்டறைகளில் பலர் இதைச் செய்வதே இல்லை. ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு என்ஜினை ஒரு நிமிடம் ஓட்டுங்கள். டைனமோ (அல்லது ஆல்டர்னேட்டர்), வாட்டர் பம்ப், ஃபேன் மூன்றும் ஒரே அடியில் ஆட்டத்திலிருந்து வெளியேறிவிடும். சத்தம் நின்றுபோனால் என்ஜினுக்கு ஒன்றுமில்லை. ஃபேன் பிளேடைக் கையால் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் வாட்டர் பம்ப் பேரிங்கின் நிலை தெரிந்துவிடும். பிளேடில் விரிசல் இருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துக்கொள்ளலாம். பெல்ட் இல்லாமல் தண்ணீர் சுற்றாது, அதனால் ஒரு நிமிடத்துக்கு மேல் ஓட்ட வேண்டாம்.

ஓடும் என்ஜின் மேல் குனிகிற வேலை இது என்பதால் ஒரு எச்சரிக்கை. ஹேண்ட் பிரேக் போட்டு, நியூட்ரலில் வைத்து, சக்கரத்துக்குக் கல் கொடுங்கள். வேட்டி நுனி, துண்டு, தொங்கும் சங்கிலி எதுவும் ஃபேன் பக்கம் போகக் கூடாது. மூடிய ஷெட்டுக்குள் ஓட்டவே கூடாது. அந்தப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு வாசனை காட்டாமல் ஆளைச் சாய்த்துவிடும்.

பிறகு கிளட்ச். ஐடிலில் பெடலை மெதுவாக மிதியுங்கள். மிதித்ததும் சத்தம் நின்றால் கியர்பாக்ஸின் முன் பேரிங் மேல் கண் வையுங்கள். மிதித்ததும் உரசல் கிளம்பினால் ரிலீஸ் பேரிங். இந்தக் குடும்பத்து என்ஜின்களில் அது குண்டு பேரிங் அல்ல, கார்பன் வளையம். தேய்ந்து தீரும்போதுதான் வாய் திறக்கும். மூன்றாவதாக ஒரு நிலை இருக்கிறது. கனமான ஒரு தட்டல் பெடலை மிதித்த உடனே அடங்குகிறது என்றால் கிராங்கே முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருக்கலாம். அந்த ஆட்டத்தைத் தடுக்கும் திரஸ்ட் வாஷர்கள் பி-சீரிஸில் நடு மெயின் பேரிங்கின் இருபுறமும் உட்கார்ந்திருக்கும். அவை தேய்ந்துவிட்டால் கிராங்குக்கு இடம் கிடைத்துவிடும். கிளட்சை மிதிக்கும்போது அது முன்பக்கமாகத் தள்ளி நிறுத்தப்படுவதால் தட்டல் நிற்கும். சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டில் இந்த வாஷர் பின் மெயின் பேரிங்கில் இருக்கும். தேய்ந்து கழன்று சம்ப்பில் விழுவது அந்தக் குடும்பத்துக்கே பேர்போன கோளாறு.

இனி தாளம். கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால் கேம்ஷாஃப்ட் ஒரு சுற்றுதான் சுற்றும். பழைய என்ஜின் ஒன்றைப் புரிந்துகொள்ள இதைவிட உபயோகமான கணக்கு வேறு இல்லை. வால்வு, டேப்பட், ராக்கர், டிஸ்ட்ரிபியூட்டர், கேம்ஷாஃப்ட் தள்ளும் பெட்ரோல் பம்ப் எல்லாம் பாதி வேகக் கூட்டம். பிக் எண்ட், மெயின் பேரிங், ஃப்ளைவீல், முன் புல்லி முழு வேகக் கூட்டம். ஐடில் 700 ஆர்பிஎம் என்றால் முழு வேகத்தில் தட்டுவது விநாடிக்குப் பன்னிரண்டு தடவை, பாதி வேகத்தில் ஆறு தடவை. காதால் எண்ணிவிட முடியாது. ஆனால் டைமிங் லைட்டின் கிளிப்பை ஒன்றாம் சிலிண்டரின் பிளக் ஒயரில் மாட்டினால் அது கிராங்கின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை மின்னும். கண் மின்னலிலும் காது சத்தத்திலும் இருக்கட்டும். ஒரு மின்னலுக்கு ஒரு தட்டல் என்றால் மேல்பக்கம் தேடுங்கள். இரண்டு என்றால் கிராங்க் பக்கம். ஐடிலை முடிந்தவரை குறைத்து வைத்துக்கொண்டால் பழகிவிடும். பிஸ்டன் அடிப்பு மட்டும் இந்தக் கணக்கில் ஏமாற்றும். அது பவர் ஸ்ட்ரோக்கில்தான் பலமாக அடிக்கும் என்பதால் பாதி வேகக் கூட்டத்தில் வந்து நின்றுகொள்ளும்.

அந்த ஏமாற்றைப் பிடிக்கத்தான் பிளக் ஒயரைப் பிடுங்கும் சோதனை. ஐடிலில் இன்சுலேஷன் உள்ள பிளையரால் ஒவ்வொரு ஒயராகக் கழற்றி, சத்தத்தைக் கவனித்து, திரும்ப மாட்ட வேண்டும். எந்தச் சிலிண்டரை நிறுத்தும்போது சத்தம் குறைகிறதோ அந்தச் சிலிண்டரின் பிக் எண்டோ, பிஸ்டனோ, கஜன் பின்னோ குற்றவாளி. எரியும் வாயு பிஸ்டனை அடித்துத் தள்ளாதபோது தேய்ந்த பேரிங்குக்கும் வேலை குறைகிறது, அவ்வளவுதான். பிளாட்டினம் பாயிண்ட் உள்ள பழைய இக்னிஷனில் மட்டும் இதைச் செய்யுங்கள். எலெக்ட்ரானிக் இக்னிஷன் மாற்றியிருந்தால் அடிக்கும் ஷாக் வேறு ரகம், மாட்யூலும் போகும். பிஸ்டன்தானா என்று உறுதி செய்துகொள்ள ஒரு பழைய உத்தி: அந்தச் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி ஒரு ஸ்பூன் கெட்டியான எண்ணெய் விட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். கொஞ்ச நேரம் அமைதியாகிப் பிறகு மெல்லத் திரும்பினால் பிஸ்டன்தான்.

பாதி வேகத் தட்டல்களில் முக்கால்வாசி டேப்பட்டில் போய் முடியும். சரியாக வைத்த அம்பாசிடர் டேப்பட் தையல் மிஷின் போல லேசாகச் சலசலக்கத்தான் வேண்டும். அது கோளாறு இல்லை. ராக்கருக்கும் வால்வு தண்டுக்கும் நடுவே 15 தௌ, அதாவது 0.38 மி.மீ. இடைவெளி விட்டிருப்பதால் வரும் சத்தம். அமைதியாக ஓட வேண்டும் என்பதற்காக இடைவெளியைக் குறைத்து வைப்பவர்கள் வால்வைக் காவு கொடுக்கிறார்கள். வால்வு முழுதாக மூடாமல் எரியும் வாயு அதன் ஓரத்தை அறுத்துவிடும். 2000-ல் ஈயம் கலந்த பெட்ரோல் நாடு முழுக்க நின்ற பிறகு இது இன்னும் முக்கியமாகிவிட்டது. ஈயம் எக்ஸாஸ்ட் வால்வு சீட்டுக்குக் கவசமாக இருந்தது. அது போனதும் கடினப்படுத்தாத பழைய சீட்டுகளில் வால்வு கொஞ்சம் கொஞ்சமாக ஹெட்டுக்குள் இறங்கும்; இறங்க இறங்க இடைவெளி தானாகவே குறையும். அதாவது, சலசலத்துக்கொண்டிருந்த ஒரு டேப்பட் யாரும் தொடாமலே அமைதியானால் உடனே கேஜ் போட்டுப் பாருங்கள்.

இடைவெளி வைக்க ஒன்பது கணக்கு போதும். எட்டாம் வால்வு முழுக்கத் திறந்திருக்கும்போது ஒன்றாவதை வையுங்கள், ஏழு திறந்திருக்கும்போது இரண்டு, ஆறு என்றால் மூன்று. கூட்டினால் எப்போதும் ஒன்பது. பிளக்குகளைக் கழற்றிவிட்டு ஹேண்டில் போட்டுச் சுற்றினால் ஒரு கை வேலை.

இத்தனையும் செய்த பிறகும் ஒரே ஒரு டேப்பட் மட்டும் சத்தம் போட்டுக்கொண்டே இருக்கும். ஃபீலர் கேஜ் 15 தௌ சரி என்கிறது, காது இல்லை என்கிறது. காதை நம்புங்கள். ராக்கரைக் கழற்றி, வால்வு தண்டின் மேல் படும் முகத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் நடுவில் சின்னதாக ஒரு பள்ளம் தெரியும். நகத்தை ஓட்டினால் தட்டுப்படும். பல ஆயிரம் கிலோமீட்டர் ஒரே இடத்தில் அடித்து அடித்துத் தண்டின் முனை செதுக்கிய பள்ளம் அது. கேஜ் தகடு தண்டைவிட அகலம், அதனால் பள்ளத்தின் இரு விளிம்பிலும் பாலமாகப் படுத்துக்கொள்ளும், உள்ளே இறங்காது. பள்ளம் 8 தௌ ஆழம் என்றால் நீங்கள் வைத்த 15 உண்மையில் 23. எத்தனை முறை அட்ஜஸ்ட் செய்தாலும் தீராத டேப்பட் சத்தத்துக்கு இதுதான் முதல் காரணம். ராக்கரை மாற்ற வேண்டும் அல்லது முகத்தைச் சாணை பிடித்துச் சமன் செய்ய வேண்டும். கூடவே ராக்கர் ஷாஃப்ட்டின் அடிப்பக்கத்தையும் தடவிப் பாருங்கள். தேய்மானம் முழுக்க அங்கேதான் இருக்கும்.

ஸ்க்ரூடிரைவரை இவ்வளவு நேரம் சும்மா வைத்திருந்தேன். அதைக் கடைசியில் எடுத்தால்தான் பிரயோசனம். முனையைச் சந்தேகப்படும் பாகத்தின் மேல் அழுத்தி, கைப்பிடியைக் காதுக்கு முன்னால் இருக்கும் எலும்பில் வைத்தால் அந்த இடத்துச் சத்தம் தனியாகக் கேட்கும். பெட்ரோல் பம்ப், டிஸ்ட்ரிபியூட்டர், டைமிங் கவர், பிளாக்கின் பக்கவாட்டு என்று வரிசையாகப் போக வேண்டும். முதலிலேயே இதில் இறங்கினால் எல்லா இடத்திலும் எல்லாச் சத்தமும் கேட்டுக் குழம்பிவிடுவீர்கள்.

இந்தச் சோதனைகள் ஒன்றோடொன்று எப்படிச் சேர்ந்து வேலை செய்கின்றன என்பதற்குத் தெரிந்தவர் ஒருவரின் மார்க் 3 நல்ல உதாரணம். ஐடிலில் 'தட் தட்' என்று கனமான சத்தம், கொஞ்சம் ரேஸ் கொடுத்தால் மறையும். பிக் எண்ட் என்று பட்டறையில் நாள் குறித்தாயிற்று. குளிரிலும் சூட்டிலும் ஒரே மாதிரி. ஆயில் பிரஷர் நன்றாக இருந்தது, ஆகவே மெயின் பேரிங் மேல் சந்தேகம் இல்லை. டைமிங் லைட் மின்னலுக்கு இரண்டு தட்டல், ஆக கிராங்க் பக்கம். ஆனால் நாலு பிளக் ஒயரையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கியும் துளி மாற்றம் இல்லை. எந்தச் சிலிண்டரையும் சாராத சத்தம் பிக் எண்டாக இருக்க வழியே இல்லை. கிளட்சை மிதித்தாலும் மாறவில்லை, ஆகவே திரஸ்ட் வாஷரும் அல்ல. மிச்சம் ஃப்ளைவீலும் முன் புல்லியும்தான். பெல்ட்டைக் கழற்றியபோது சத்தம் நிற்கவில்லை, ஆனால் வேறு மாதிரி ஆனது. அந்த ஒரு மாற்றம் புல்லியைக் காட்டிக்கொடுத்தது. என்ஜினை நிறுத்தி, புல்லியை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினால் கிராங்க் அசையாமல் அது மட்டும் ஒரு மயிரிழை ஆடியது.

அம்பாசிடரில் ஹேண்டில் போய்க் கவ்வும் பெரிய நட்டுதான் இந்தப் புல்லியையும் பிடித்து வைத்திருக்கிறது. அதன் லாக் வாஷர் மடிக்கப்படாமலே இருந்தது. நட்டு தளர்ந்து, புல்லிக்குள் இருக்கும் சாவிக்கட்டை ஒரு பக்கம் தேய்ந்திருந்தது. ஐடிலில் கிராங்கின் வேகம் சீராக இல்லாமல் ஏறி இறங்கும்போது புல்லி சாவியில் முட்டித் தட்டியது. ரேஸ் கொடுத்தால் அந்த ஏற்ற இறக்கம் சீராகி அமைதியானது. புது சாவி, புது லாக் வாஷர், நட்டை நன்றாக முறுக்கி வாஷரின் ஓரத்தை மடித்ததோடு வேலை முடிந்தது. ஃப்ளைவீல் போல்ட்டு தளர்ந்தாலும் இதே சத்தம்தான் வரும், ஆனால் அதற்குக் கியர்பாக்ஸை எடுக்க வேண்டும்.

சோதனைகள் எல்லாம் பிக் எண்டையே காட்டினால் வண்டியை ஓட்டிப் பட்டறைக்குக் கொண்டுபோகாதீர்கள், கட்டி இழுத்துப் போங்கள். முதலில் எண்ணெயைச் சுத்தமான தட்டில் வடித்து வெயிலில் பாருங்கள். மினுமினுப்பு இருந்தால் காந்தத்தை விடுங்கள். ஒட்டினால் இரும்பு, அதாவது கேம், டேப்பட், செயின் வகையறா. ஒட்டாத மினுக்கு பேரிங் உலோகமாக இருக்கலாம். சீக்கிரம் பிடித்தால் சம்ப்பைத் திறந்து பேரிங்கை மட்டும் மாற்றித் தப்பிக்கலாம். தாமதித்தால் கிராங்கில் கோடு விழும், கிரைண்ட் செய்ய வேண்டிவரும். அதற்கும் 10, 20, 30, 40 தௌ என்று நாலு படிதான். உங்கள் வண்டி ஏற்கெனவே எத்தனை படி இறங்கியிருக்கிறது என்பது பழைய பேரிங்கின் முதுகில் அடித்திருக்கும். கழற்றிய பேரிங்குகளில் சிலிண்டர் நம்பரை எழுதிக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் செம்பு தெரியத் தேய்ந்து மற்றவை நன்றாக இருந்தால் அந்தக் கிராங்க் பின்னுக்குப் போகும் எண்ணெய்த் துளையில் அடைப்பு இருக்கலாம். அதைக் கம்பி விட்டு, காற்றடித்துச் சுத்தம் செய்யாமல் புது பேரிங்கை மாட்ட விடாதீர்கள்.